தொட்டா தெரியுதா?

பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவுக கேட்டாச்சு, ரேசன் கடை வரிசையில நிக்கிறவுக கேட்டாச்சு, "ஒனக்கு அப்படி என்னத்தா ஆச்சு?"ன்னு கேக்காத ஆளு இல்ல. ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. அதுலயும் பாதிப் பேரு முழுசா கேக்குறதில்ல. நடுவுலயே "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்டிட்டு எறங்கிப் போயிர்றாக. அதான் எம் மக பழைய நோட்டுல மிச்சம் கெடந்த தாள்ல எழுதி வச்சிருவோம்னு உக்காந்திருக்கேன். எட்டாப்பு வரைக்கும் படிச்சவ எழுத்து இது. தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க, ஆனா பொய் இருக்காது. ஒரு தடவ பொய் சொல்லி நான் பட்ட பாடு எனக்குப் போதும்.

அப்ப எனக்கு முப்பத்து மூணு வயசு. திருச்சுழியில இருந்து எம்.ரெட்டியபட்டிக்குப் போற வழியில எங்க ஊரு. ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவுச் சமையல் எனக்கு. எங்க வீட்டுக்காரர் குருசாமி, அருப்புக்கோட்டையில ஒரு பஞ்சு மில்லுல மூட்டை ஏத்தி எறக்குற லோடுமேன். ஒரே மக செல்வி, நாலாப்பு, நான் ஆக்கிப் போடுற பள்ளிக்கூடத்துலயே படிச்சா.

மொதல்ல வந்தது முதுகு வலி. அண்டா தூக்குற பொம்பளைக்கு முதுகு வலிக்காம மூக்கா வலிக்கும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். பொழுது சாயுற நேரம் லேசா காய்ச்சல் அடிக்கும், விடிஞ்சா இருக்காது. போட்ட ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. அப்புறம் காலு ரெண்டும் மதமதன்னு ஆக ஆரம்பிச்சுச்சு, துணி சுத்துன கால வச்சு நடக்குறாப்புல. ஒரு நா டீக்கடைக்காரர் கூப்புட்டு, "யக்கா, ஒத்தச் செருப்ப இங்க விட்டுட்டு எங்கிட்டுப் போறீக?"ன்னாரு. கழண்டு விழுந்தது எனக்குத் தெரியவே இல்ல. கடையில இருந்தவுக எல்லாம் சிரிச்சாக. நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டு வந்து மாட்டிக்கிட்டேன்.

சிரிப்பு நின்னது சோறு வடிக்கிற அன்னைக்கு. நானும் கூட வேலை பாக்குற காளியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு அண்டாவைச் சாய்ச்சோம். நான் அவகிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருக்கேன். அவ மொகம் திடீர்னு வெளுத்துப் போச்சு. "ஏத்தா, காலு! காலு!"ன்னு கத்துறா. குனிஞ்சு பாத்தேன். கொதிக்கிற கஞ்சி என் எடது கால் மேலயே ஊத்திக்கிட்டு இருக்கு. ஆவி பறக்குது. வெரலெல்லாம் கஞ்சி மூடிக் கெடக்கு.

எனக்கு ஒண்ணும் தெரியல.

பாத்த பெறகுதான் அலறுனேன். சுட்டதுனால அலறல. சுடலையேங்கிற பயத்துல அலறுனேன். அந்தப் பயம் எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கும் என்னால சரியாச் சொல்ல முடியல. என் காலு எனக்குக் கீழதான் இருக்கு, ஆனா அது யாரு காலோ.

காளியம்மா கஞ்சியத் தொடச்சு விட்டுட்டு, எம் மொகத்தப் பாக்காம மெதுவாக் கேட்டா. "சூடு தெரியலையா? பேச்சி, ஒடம்புல எங்கயாச்சும் வெளுத்த தேமல் இருக்கா?" அவ என்ன கேக்குறான்னு எனக்கு வெளங்கிருச்சு. பெருநோய்க்கு, அதான் தொழுநோய்க்கு, பள்ளிக்கூடச் செவுத்துல அட்டை மாட்டியிருந்தாக, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு. நான் தெனமும் அதுக்குக் கீழதான் சோறு போடுறேன். அந்த நோயின்னா என் கையால எந்தப் பிள்ள சாப்புடும்? வேலை போகும். எம் மகள நாளைக்கு எவன் கட்டுவான்? காளியம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, "ஒன் காலுல விழுறேன், வெளிய சொல்லிராத"ன்னேன். அவளும் சொல்லல.

வீட்டுல, கஞ்சி கொட்டிருச்சு, எரியுதுன்னு சொன்னேன். வலிக்காத புண்ணுக்கு "ஆ, ஊ"ன்னு நடிச்சேன். எங்க வீட்டுக்காரர் களிம்பு தடவும்போது எப்ப மொனகணும்னு தெரியாம, அவுக மொகத்தப் பாத்துப் பாத்து மொனகுவேன். பத்து நா இப்படியே ஓட்டுனேன். பதினோராம் நா காலையில பாயில இருந்து எந்திரிக்க முடியல. ஒண்ணுக்கும் போகல, அடிவயிறு கல்லாட்டம் வீங்கிருச்சு. அவுக என்னையத் தூக்கி ஒரு வேன்ல போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போனாக.

அங்க இருந்த டாக்டர் மொதல்ல டியூபு போட்டு வயித்த வாட விட்டாரு. பெறகு பஞ்சால தொட்டாரு, ஊசி முனையால குத்துனாரு. பாதத்துல ஆரம்பிச்சு மேல மேல ஏறி வந்தாரு. "தெரியுதா? தெரியுதா?" தொடையிலயும் தெரியல, இடுப்புலயும் தெரியல. தொப்புளுக்குக் கிட்ட வந்ததும் சுருக்குன்னுச்சு. அந்த எடத்துல பேனாவால வயித்துக்குக் குறுக்க ஒரு கோடு போட்டாரு. "இது பெருநோய் இல்லம்மா"ன்னாரு. எனக்குப் போன உசுரு வந்துச்சு. "முதுகுத்தண்டுல கோளாறு. இன்னைக்கே மதுரைக்குப் போங்க"ன்னாரு. வந்த உசுரு மறுபடி போயிருச்சு.

மதுரையில பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்க ஒரு வரிசை, ரெத்தம் குடுக்க ஒரு வரிசை, சீட்டுப் பதிய ஒரு வரிசை. ஸ்ட்ரெச்சர்ல கெடந்தபடியே மோட்டுல எத்தன ஃபேனு ஓடுது, எத்தன ஃபேனு ஓடலைன்னு பாத்துக்கிட்டே நானும் வரிசையில நின்னேன். முதுகுல ஊசி போட்டு ஒரு மருந்த உள்ள விட்டு, மேசையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் படம் எடுத்தாக. அந்த மருந்து எங்க போயி நிக்குதோ அங்கதான் அடைப்பாம். தல கீழாச் சாயும்போது விழுந்துருவேன்னு நான் போட்ட கூச்சல்ல, படம் எடுக்குற பையனே மெரண்டுட்டான்.

சேதி இதுதான். முதுகெலும்புல டி.பி. இருமல்ல வரும்னுதான் நமக்குத் தெரியும், எலும்பையும் அரிக்குமாம். எங்க வார்டு டாக்டர் சின்ன வயசு, மூக்குக் கண்ணாடி, கோவக்காரர், ஆனா கேட்டா சொல்லித் தருவாரு. "தோலுக்கு அடியில எல்லா எடத்துலயும் நரம்போட முனைக இருக்கும்மா. சூட்டுக்குன்னு, குத்துனா வலிக்கிறதுக்குன்னு, தொட்டாத் தெரியிறதுக்குன்னு தனித்தனியா இருக்கு. ஏதாச்சும் பட்டதும் அது சேதி அனுப்பும். சேதி கால் வழியா ஏறி, முதுகுத்தண்டுக்குள்ள போயி, மூளைக்குப் போயிச் சேந்தாத்தான் 'சுடுது'ன்னு ஒங்களுக்குத் தெரியும். காலை எடுன்னு மூளை போடுற உத்தரவும் அந்தத் தண்டு வழியாத்தான் எறங்கணும். ஒங்களுக்கு ரெண்டு எலும்பு அரிச்சு, சீழ் கட்டி, தண்ட நசுக்குது. காலும் நல்ல காலு, மூளையும் நல்ல மூளை. நடுவுலதான் அடைப்பு."

பலகை போட்ட கட்டில்ல மல்லாக்கப் படுக்க வச்சாக. தெனமும் ஊசி, கை நெறைய மாத்திரை. பொரட்டிப் படுக்க வைக்க மூணு பேரு வேணும், கட்டையப் பொரட்டுற மாதிரி. மருந்துலயே சீழ் வத்துச்சுன்னா அறுக்க வேண்டாம், மருந்துக்குக் கேக்காம உணர்ச்சி இன்னும் கொறஞ்சா ஆப்பரேசன் பண்ணணும்னு சொன்னாரு. ராத்திரி எங்க அண்ணன் பொண்டாட்டி, மல்லாங்கிணத்து மதினி, எனக்குத் தொணைக்கு இருந்தாக. செல்வி அண்ணன் வீட்டுல. மதினி எனக்குத் தல சீவி விடுறதென்ன, டியூபுப் பையைக் கொட்டிக் கழுவுறதென்ன, ஒரு தடவ மொகம் சுழிக்கல. கல்யாணத்துல சீலை சரியில்லன்னு அவுக கூட ரெண்டு வருசம் பேசாம இருந்தவ நானு. அத நெனச்சு வெக்கப்பட்டேன்.

பகல்ல எங்க வீட்டுக்காரர் வருவாக. நான் வார்டுக்கு வந்த ரெண்டாம் நா டாக்டர் ஒரு சாவிக் கம்பியால என் உள்ளங்கால ஒரு இழுப்பு இழுத்தாரு. கட்ட வெரலு மேல தூக்குச்சு. பாதத்தப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளுனாரு, காலு தடதடன்னு அது பாட்டுக்கு ஆடுச்சு, தையல் மிசினு கணக்கா. "ஆடுது! காலு ஆடுது பேச்சி!"ன்னு அவுக கத்துனாக. என் காலு ஆடுறது எனக்கே தெரியாம, கட்டில் ஆடுறத வச்சுல்ல தெரிஞ்சுக்கிடுறேன்!

டாக்டர் தலையாட்டுனாரு. "சந்தோசப்படாதீங்க. அது மூளைக்குத் தெரியாம முதுகுத்தண்டே குடுக்குற பதில். மேல இருந்து அடக்குற கை இல்லாததுனாலதான் இந்த ஆட்டம் ஆடுது." நான் யோசிச்சுப் பாத்தேன். "மனு கலெக்டருக்குப் போகவே இல்ல, தலையாரியே பதில் சொல்லி அனுப்பிட்டான். அப்படித்தான சார்?"ன்னேன். அந்த ஆஸ்பத்திரியில அவரு சிரிச்சு நான் பாத்தது அந்த ஒரு தடவதான்.

எங்களுக்குப் புத்தி கெட்டது அதுக்குப் பெறகுதான். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா, கெணத்துல விழுந்து முதுகொடிஞ்சவுக. தெனமும் குத்திக் குத்திப் பாத்தாக, அந்தம்மா தெரியல தெரியலைன்னே சொன்னாக. ஒரு நா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டாக. அவுக மகன் தூக்கிட்டுப் போறப்ப அந்தம்மா யாரையும் பாக்கல. எங்க வீட்டுக்காரர் எங்கிட்டக் குனிஞ்சு, "தெரியலைன்னு சொன்னா கை கழுவிருவாக பேச்சி. இல்லன்னா முதுகுல கத்தி வப்பாக. நீ தெரியுதுன்னு சொல்லு"ன்னாக. "குத்துறது எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ண மூடச் சொல்றாருல்ல?"ன்னேன். "நான் தல மாட்டுல நிக்கிறேன். அவரு குத்துறப்ப ஒன் தோள அமுக்குறேன்"ன்னாக.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கூட இருக்குறவுகளை எல்லாம் வெளிய வெரட்டிருவாக. நான் நடுங்குறதப் பாத்து இவுகள மட்டும் டாக்டர் நிக்க விட்டாரு. அந்த மனுசன் எரக்கத்துக்கு நாங்க பண்ணுன கைமாறு இது. கண்ண மூடுவேன். தோள்ல பெருவெரல் அமுங்கும். "தெரியுது சார்." அமுங்கும். "தெரியுது." எடையில ஒண்ணு ரெண்டு "தெரியல"ன்னு நாங்களாவே சேத்துக்கிட்டோம், சந்தேகம் வரக் கூடாதுல்ல. டாக்டர் சீட்டுல எழுதுவாரு. "பரவாயில்லையே, மருந்து கேக்குது. ஆப்பரேசன் இப்ப வேண்டாம்"ன்னாரு. அவுக மொகத்துல ஒரு வெளிச்சம். நானும் பாஸான பிள்ள மாதிரி படுத்திருந்தேன். ஒம்பது நா நடந்துச்சு இந்தக் கூத்து.

ஒம்பதாம் நா மத்தியானம் மதினி ஈரத் துணியால ஒடம்பு தொடச்சு விட்டாக. கழுத்துல சில்லுன்னுச்சு. நெஞ்சுல சில்லுன்னுச்சு. பெறகு ஒண்ணுமில்ல. "வயித்தத் தொடைக்கலையா மதினி?"ன்னேன். "தொடச்சிட்டுத்தான இருக்கேன்"ன்னாக.

என் கையக் கொண்டு போயித் தொட்டுப் பாத்தேன். என் வெரலுக்கு வயிறு தெரியுது, வயித்துக்கு என் வெரலு தெரியல. தொப்புளுக்குக் கிட்ட இருந்த கோடு நெஞ்சுக் குழிக்கு வந்துருச்சு. அது ஏறுது. யாருக்கும் தெரியாம ஏறுது, ஏன்னா நானே பொத்தி வச்சிருக்கேன். இன்னும் மேல போனா? மூச்சுக்குப் போகுமா, கைக்குப் போகுமா? செத்துருவோம்னு அன்னைக்குத்தான் மொதல் தடவயா முழுசா நம்புனேன். அதவிடப் பெரிய பயம், சாகாம இப்படியே கெடந்துருவோமோங்கிறது. பத்து வயசுப் பிள்ள எனக்குப் பீ மூத்திரம் அள்ளணுமே.

அவுக வந்ததும் சொன்னேன். அவுக மொகம் செத்துப் போச்சு. ஆனாலும், "இப்பப் போயிச் சொன்னா நம்மள ஆஸ்பத்திரிய விட்டே தொரத்துவாக. ஒரு ரெண்டு நா பாப்பமே"ன்னாக. "ரெண்டு நாளுல அது எங் கழுத்துக்கு வந்துரும்ங்க!" "கத்தாத. கேக்கப் போகுது." "கேக்கட்டும்! சாகப் போறது நானு!" வார்டே திரும்பிப் பாத்துச்சு. அவுக துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாக.

மறுநா டாக்டர் ஊசிய எடுத்தாரு. தோள்ல கை வந்துச்சு. நான் அந்தக் கையத் தட்டி விட்டேன்.

"சார், நான் தெரியுதுன்னு சொன்னதெல்லாம் பொய்யி."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒண்ணுமே தெரியல சார். நீங்க குத்துறப்ப இவுக தோள அமுக்குவாக. நான் தெரியுதும்பேன். இப்ப நெஞ்சுக்குழி வரைக்கும் மரத்துப் போச்சு."

அவரு வைவாருன்னு பாத்தேன். வையல. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எத்தன நாளா?" "ஒம்பது நாளா." "இது என்ன பரீட்சையாம்மா, பாஸாகுறதுக்கு? நீங்க தெரியலைன்னு சொன்னாத்தான எனக்குத் தெரியும்!" கடைசி வார்த்தைக்குத்தான் குரல் ஒசந்துச்சு. பக்கத்துக் கட்டில் அம்மா கதையச் சொன்னேன். "அவங்களுக்குத் தண்டே அறுந்து போச்சு. ஒங்களுக்கு நசுங்கித்தான் கெடக்கு. நசுக்குறத எடுத்தா மீளும். ஆனா எத்தன நா நசுங்கிக் கெடக்குதோ அத்தனைக்கு மீளுறது கொறையும்"ன்னாரு. இனிமே வருமான்னு கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்"ன்னுட்டுப் போனாரு. அது எனக்குச் சாட்டையால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டாக. நூறு கிலோ மூட்டைய ஒத்த ஆளாத் தூக்குற மனுசன். "நாந்தான் ஒன்னையக் கெடுத்தேன்"ன்னாக. நானுந்தான் கெட்டேன். கண்ண மூடிக்கிட்டு வாயத் தொறந்தது யாரு? ஆனா அன்னைக்கு அந்த ஆறுதல அவுகளுக்குச் சொல்ல எனக்கு மனசு வரல. சொல்லியிருக்கணும்.

ரெண்டாம் நா ஆப்பரேசன். கையெழுத்துப் போடச் சொன்ன எடத்துல அவுக பேர எழுத அவ்வளவு நேரம் ஆச்சு. மயக்க மருந்துக்கு முந்தி, செல்வி மொகத்த நெனைக்கப் பாத்தேன், மொகம் வரல, அவ ரெட்டைச் சடை மட்டும் வந்துச்சு. முழிச்சப்ப விலாவும் முதுகும் அப்படி ஒரு வலி. வலிக்கிற எடமெல்லாம் என் எடம்னு இருந்துச்சு. கீழ தேடிப் பாத்தேன், ஒண்ணுமில்ல.

அதுக்கப்புறம் தெனமும் காலையில ஊசி. எங்க வீட்டுக்காரர் இப்பக் கதவுக்கு வெளிய. கண்ண மூடுவேன். எனக்கு எம்மேலயே நம்பிக்கை போயிருச்சு. நெசமாத் தெரியுதா, தெரியணும்னு ஆசையில தோணுதான்னு ரெண்டையும் பிரிக்க முடியல. அதனால கொஞ்சம் சந்தேகம்னாலும் "தெரியல"ன்னே சொன்னேன். தெரியல சார். தெரியல. நாலு நா, அஞ்சு நா, ஒரு வாரம். டாக்டர் எழுதிட்டுப் போவாரு. கதவு இடுக்குல அவுக ஒத்தக் கண்ணு தெரியும். நான் தலைய அசைப்பேன், அந்தக் கண்ணு மறைஞ்சு போகும்.

பன்னெண்டாம் நா மத்தியானம். உணர்ச்சி இல்லாத காலுல புண்ணு வந்தா யாருக்கும் தெரியாது, தெனமும் தொடச்சுப் பாக்கணும்னு நர்சம்மா சொல்லியிருந்தாக. எங்க வீட்டுக்காரர் அந்த வேலைய யாருக்கும் விட்டுக் குடுக்கல. ஈரத் துணிய வச்சு வெரலிடுக்கு வெரலிடுக்காத் தொடச்சுக்கிட்டே, செல்விக்குப் பேனு விழுந்துருச்சுன்னு மதினி வீட்டுல முடியக் கத்தரிச்சுட்டாகன்னு சொன்னாக. எனக்கு ஆங்காரமா வந்துச்சு.

"யாரக் கேட்டு வெட்டுனாக? இடுப்பு வரைக்கும் வளத்த முடி! விளக்கெண்ணெய் தேச்சு ஈருளியால ஈரு உருவுறதுக்கு அங்க ஒருத்திக்குக் கையில்லையா? விடுங்க, கூசுது. நான் படுத்துட்டேன்னா எம் பிள்ள என்ன கேப்பாரத்துப் போச்சா?"

அவுக கை நின்னுருச்சு. "என்ன சொன்ன?"

"முடியத்தான் சொல்றேன். வேற என்னத்தச் சொல்ல?"

"அதுக்கு முன்னாடி."

எனக்கே ஞாபகம் இல்ல. அவுகதான் சொன்னாக, கூசுதுன்னு சொன்னியேன்னு. ஈரத் துணியக் கீழ வச்சாக. "காலு அதுவாத் துள்ளியிருக்கும். அதப் பாத்துட்டுச் சொல்லியிருப்ப"ன்னாக. "நான் எங்க பாத்தேன்? மோட்டப் பாத்துல்ல படுத்திருக்கேன்!" "கண்ண மூடு"ன்னாக. டாக்டரவிடக் கண்டிப்பாச் சொன்னாக. "இறுக்கி மூடு. எனக்காகச் சொல்லாத பேச்சி. தெரிஞ்சாச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

மூடுனேன்.

"இப்ப?"

"எடது காலு. எந்த வெரலுன்னு தெரியல. என்னமோ ஊருது."

"இப்ப?"

"வலது. பாதத்துக்குக் கீழ."

"இப்ப?"

எவ்வளவோ தேடுனேன். ஒண்ணுமில்ல. இருந்ததும் போயிருச்சோன்னு பயந்துட்டேன். தெரியுதுன்னு சொல்லிரலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

"தெரியலங்க."

"இப்ப?"

"தெரியல. ஏங்க, நெசமாவே தெரியலங்க."

அடுத்த 'இப்ப?' வரல. பொறுக்க மாட்டாமக் கண்ணத் தொறந்து, தலைய லேசாத் தூக்கிப் பாத்தேன். அவுக ரெண்டு கையும் அவுக மடியில இருந்துச்சு. கண்ணுல தண்ணி தாடை வழியா ஊத்துது, தொடைக்கக் கூட இல்ல.

"தொடல"ன்னாக. "ரெண்டு தடவயும் நான் தொடவே இல்ல, பேச்சி."